உள்பக்கத் தடம்

...பல்லிடுக்கில் இன்னும் அந்தச் சாணி ருசி, மூன்று முறை கொப்பளித்தும் போகவில்லை, ஜூலை முழுக்க மாடு மேய்ந்த சரிவில் மழையும் பெய்துவிட்டால் அப்புறம் சேறு எது சாணி எது என்று யாருக்குத் தெரியும், முன்சக்கரம் வாரியிறைப்பதை வாயைத் திறந்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதான், இதற்குப் பெயர் மலையிறங்கு சைக்கிள் பந்தயம், இதைப் பார்க்கத்தான் கீழே அத்தனை பேர் மாட்டு மணியை ஆட்டிக்கொண்டு நிற்கிறார்கள்... ஓதில் கையுறையால் உதட்டைத் துடைத்தாள், கையுறையிலும் அதே நாற்றம். தொங்கு நாற்காலி கம்பியில் ஊர்ந்து ஏறிக்கொண்டிருந்தது, முன்னால் போகும் நாற்காலியின் கொக்கியில் இரண்டு சைக்கிள்களும் ஆடின, உச்சிக்குப் பதினோரு நிமிடம். பக்கத்தில் நினோன், பத்தொன்பது வயது, ஒரே கிளப், வாழைப்பழத்தை அவ்வளவு நிம்மதியாக மென்று தின்றுகொண்டிருந்தாள். எப்படி இறங்குகிறது இவளுக்கு? தேசிய அணியில் ஓர் இடம்தான் மிச்சம், இன்று இவர்கள் இருவரில் யார் முந்துகிறாளோ அவளுக்கு, இது நினோனுக்கும் தெரியும், தெரிந்தும் தின்கிறாள். போகட்டும், இவளுக்கு அடுத்த வருஷம் இருக்கிறது, அதற்கடுத்த வருஷமும் இருக்கிறது. முப்பத்திரண்டு வயதில் ஓதிலுக்கு இன்றைக்கு மட்டும்தான்.

நேற்றுப் பந்தயப் பாதையைப் பார்க்க எல்லோரும் நடந்தபோதே ஆரம்பித்தது இந்தக் கேவலம். என்ன நடை அது, ஒவ்வொருத்தியும் மற்றவள் எங்கே பார்க்கிறாள் என்று ஓரக்கண்ணால் பார்ப்பது, நல்ல இடம் கண்ணில் பட்டால் வேறெங்கோ பார்த்துக்கொண்டு மூக்கைச் சிந்துவது... காட்டுக்குள் பைன் வேர்கள் பின்னிக் கிடக்கும் வளைவில், இடதுபக்கம் உள்ளுக்குள்ளாக ஒரு தடம் ஓதிலுக்குத் தெரிந்தது, நேராக இறங்கினால் ஒரு விநாடி மிச்சம், ஒரு விநாடி என்றால் நேரப் பட்டியலில் நான்கு பேரைத் தாண்டலாம். கூட்டம் நகர்ந்ததும் இரண்டு கிளைகளை இழுத்துப் போட்டு மூடினாள், காற்றில் முறிந்து விழுந்ததுபோல, யாருக்கும் தோன்றாதபடி. இதில் பெருமை வேறு. இன்று காலைப் பயிற்சியில் நின்று, காலால் கிளைகளைத் தள்ளிவிட்டு, மேலே ஏறிவந்து அதில் இறங்கினால், வெறும் தண்ணீர் என்று நினைத்த இடத்தில் மட்கிப்போன அடிமரத்தின் குழி, முன்சக்கரம் பாதி வரை உள்ளே போனது, எப்படி விழாமல் தப்பினாள் என்று அவளுக்கே தெரியாது. சக்கர வளையம் நசுங்கியிருந்தது. மெக்கானிக் பஸ்தியான் ஒரு வார்த்தை கேட்காமல் வேறு சக்கரம் மாட்டிக் கொடுத்தான். அதோடு பயிற்சி நேரமும் முடிந்து பந்தயப் பாதையையே மூடிவிட்டார்கள், இனி யாரும் இறங்கிப் பார்க்க முடியாது. நல்லது, வெளிப்பக்கமாகவே போகலாம் என்று முடிவு செய்திருந்தாள், அவ்வளவோடு விட்டிருந்தால்...

"அக்கா, வேருங்க இருக்குற வளைவுல நீ இடதுபக்கம் உள்ள திரும்புனியே, மேலேர்ந்து பார்த்தேன். நானும் அதுலயே எறங்கலாம்னு இருக்கேன். எப்படி இருக்கு அது?"

பந்தயத்துக்கு முன் கடைசியாக மேலே ஏறும்போது யாரும் யாரிடமும் தடம் கேட்பதில்லை, கேட்டாலும் யாரும் சொல்வதில்லை, இவளுக்குத் தெரியாதா? உள்ளே திரும்பியதைப் பார்த்திருக்கிறாள், குழியைப் பார்க்கவில்லை, மரங்கள் மறைத்திருக்கும். சும்மா இருந்தால் போதும், தோளைக் குலுக்கினால் போதும்... அந்த வேகத்தில் அந்தக் குழி, காறை எலும்பு உடையும் சத்தம் ஓதிலுக்குத் தெரியும், சுள்ளி ஒடிவதுபோல இருக்கும், அது கழுத்தாகவும் இருக்கலாம். ஓதில்தான் முன்னால் கிளம்புகிறாள், மூன்று நிமிடம் கழித்து நினோன், கீழே நின்று பெரிய திரையில் பார்க்கலாம், வாயைப் பொத்திக்கொண்டு, எல்லோரையும்போல. ச்சீ. எங்கிருந்து வருகிறது இந்த நினைப்பு, உதட்டில் ஈ உட்கார்ந்த மாதிரி, விரட்டினால் திரும்பவும் அங்கேயே. என்ன ஜென்மம் நான்?

"அதுல போகாத. குழி இருக்கு."

சொல்லிவிட்டாள். அப்பாடா என்று இருந்தது, ஒரு மூச்சு நேரத்துக்கு. நினோன் பழத்தோலை மடித்து இடுப்புப் பைக்குள் வைத்தாள், பிறகு சிரித்தாள், கோபமே இல்லாத சிரிப்பு.

"போன வருஷம் வேற ஒரு தடத்துக்கும் இதேதான் சொன்ன, அக்கா. குழி இருக்குன்னு. அப்புறம் நீயே அதுல போயி ஜெயிச்ச."

ஆமாம், சொன்னாள், இதே வார்த்தை, இதே அலட்சியக் குரல், அன்று குழியும் இல்லை ஒன்றும் இல்லை. இப்போது என்ன செய்வது, நசுங்கின சக்கரம் பஸ்தியானிடம் கிடக்கிறது என்று சொல்லலாம், ரேடியோவில் அவனையே கேள் என்று சொல்லலாம், இவள் தோளைப் பிடித்து உலுக்கலாம். "அப்போ நல்ல தடம்தான்," என்று சொல்லிக்கொண்டே நினோன் ஹெல்மெட்டை மாட்டினாள். நாற்காலி உச்சியைத் தொட்டது, தடுப்புக் கம்பியை இருவரும் சேர்ந்து தூக்கினார்கள், பணியாள் சைக்கிளை இறக்கிக் கொடுத்தான், புறப்படும் மேடையில் ஓதிலின் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவள் உருட்டிக்கொண்டு நடந்தாள், இதோ இப்போதே திரும்பினால் நினோன் நான்கடி தூரத்தில்தான்... சொல்லியாயிற்றே, அவள் நம்பவில்லை என்றால் நான் என்ன செய்ய? போன வருஷத்து அந்தப் பொய் ஓதிலுக்கு ஞாபகம் வந்தது இப்போது நினோன் சொன்ன பிறகா, அல்லது குழி இருக்கு என்று தான் வாயைத் திறப்பதற்கு முன்பேயா?