க்ளாண்டைக்கில் ஒரு துண்டு வெயில்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்காகத் தொடங்கிய கட்டுரை. 'க்ளாண்டைக் குடியிருப்போர் நலச் சங்கம்' என்ற பெயர் எப்படி வந்தது என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னார் செயலாளர் வேதாந்தம். போன ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் உட்கார்ந்து ஆரம்பித்தேன்.

"கனடாவில் க்ளாண்டைக் என்ற பனிப் பிரதேசத்தில் தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் இருந்த வேலையை விட்டுவிட்டு ஓடிய காலத்தில்…"

(வேண்டாம். ஓடியவர்களில் யாரும் டெல்லி துவாரகாவுக்கு வரவில்லை. பில்டருக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது, அவ்வளவுதான். ரிக்‌ஷாக்காரர்களுக்கு அது வாயில் நுழையாது, நாங்கள் 'குலண்டர்'.)

2.

வேறு மாதிரி தொடங்குகிறேன். ஜனவரி மாத டெல்லியில் தங்கம் என்றால் வெயில்தான். பக்கத்தில் புதிதாக எழுந்த கட்டடம் எங்கள் பூங்காவின் வெயிலை விழுங்கிவிட்டது. மிச்சம், ஒரு நாற்காலி போடும் அளவு.

தங்கம் தேடியவர்கள் முளை அடித்து இடம் பிடித்தார்களாம். வேதாந்தம் துண்டு போட்டார். பனிமூட்டம் விலகுமுன்பே நாற்காலியைக் கொண்டுவந்து வைத்து, மேலே துண்டை விரித்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார். செக்‌ஷன் ஆபீசராக ரிட்டயர் ஆனவர். முதலில் வந்தவருக்கே இடம் என்று கமிட்டியில் தீர்மானமே நிறைவேற்றியிருந்தார்.

(இவரை வில்லனாக்குவது ரொம்பச் சுலபமாக இருக்கிறது. அதனாலேயே சந்தேகம் வருகிறது.)

3.

அந்த ஞாயிற்றுக்கிழமை, எங்கள் குடியிருப்பில் இருக்கும் நர்ஸ் பிலோமி தன் அம்மா மரியபுஷ்பத்தைக் கீழே அழைத்து வந்தாள். இடுப்பெலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு அந்த அம்மாள் வெளியே வருவது அதுதான் முதல் தடவை. வாக்கரைப் பிடித்து ஊர்ந்து வந்தவர், வெயிலைக் கண்டதும் துண்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

வேதாந்தம் பேப்பரும் கையுமாக வந்தார்.

"பிலோமி, இது ரிசர்வ் பண்ணின இடம். ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"அச்சா சார். ஆனா ஆபரேஷன் ஆனதுலேருந்து அம்மாவுக்கு ராத்திரி தூக்கமே கிடையாது. இப்பந்தான் கண்ணசந்திருக்கா. எனக்கு எழுப்ப மனசு வரல. நீங்களே எழுப்புங்களேன்."

வேதாந்தம் குனிந்து பார்த்தார். மரியபுஷ்பம் லேசாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

[இங்கே அவர் கத்துவதாக எழுதினேன். "சங்கம்னு ஒண்ணு எதுக்கு…" என்று நல்ல வசனம்கூட அமைந்தது. அடித்துவிட்டேன். அவர் கத்தவில்லை.]

குரங்குக் குல்லாயைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டார். வேறொரு நாற்காலியை நிழலில் போட்டு, நடுங்கிக்கொண்டே பேப்பர் படித்தார்.

"கொஞ்சம் பாத்துக்கிடுங்க சார், அடுப்புல கொழம்பு கெடக்கு" என்று பிலோமி மேலே ஓடினாள்.

4.

வெயில் மெல்ல நகர்ந்தது. மரியபுஷ்பத்தின் மடியை விட்டு இறங்கி, புல்லில் தவழ்ந்து, வேதாந்தத்தின் மேல் ஏறியது. இப்போது அவர் வெயிலில், அந்த அம்மாள் நிழலில். எந்தத் தீர்மானமும் இல்லாமல் அவர் ஜெயித்துவிட்டார்.

ஒரு பக்கம் படித்தார். பேப்பரை மடித்தார். எழுந்து தன் நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டுவிட்டு மேலே என் பால்கனியைப் பார்த்தார்.

"ஓய், அங்கே என்னத்தைக் கிறுக்கிண்டிருக்கீர்? ஜல்தி கீழே வாரும். எழுப்பாமத் தூக்கணும்."

பேனாவைப் போட்டுவிட்டு ஓடினேன். ஆளுக்கொரு பக்கம் பிடித்து அந்த அம்மாளை நாற்காலியோடு வெயிலை நோக்கித் தூக்கினோம். பாதி தூரத்தில் மரியபுஷ்பம் கண்ணைத் திறந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவர் என்ன சொன்னார் என்பதை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் எழுதுங்கள். திட்டட்டும், சிரிக்கட்டும், மறுபடியும் தூங்கட்டும், உங்கள் இஷ்டம். கொஞ்சம் சீக்கிரம் மட்டும் எழுதுங்கள், நாற்காலி கனக்கிறது.