அம்முவின் சால்வை

எங்கள் வீட்டில் ஒரே தறி, இரண்டு பேர். ஒரு சால்வை என் தங்கச்சி அம்மு நெய்தால் அடுத்தது நான். ஒரே சால்வையில் இரண்டு பேரும் கை வைக்க மாட்டோம். அவள் ஒவ்வொரு இழைக்கும் பலகையால் இரண்டு தட்டு தட்டுவாள், துணி கெட்டியாக வரும். நான் சோம்பேறி, ஒரு தட்டுதான். சாயம் போடாத பருத்தி நூலில் கை மாறினால் அந்த இடம் கோடு கிழித்த மாதிரி தெரியும். கடைக்கு வாங்கிப் போகிற ஜீனத் அதை என் மடியிலேயே திருப்பிப் போட்டுவிடுவாள்.

அம்மு பாதிச் சால்வையில் காய்ச்சல் என்று எழுந்து போனாள். நாலாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வெள்ளைத் துணியில் வந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. திருவொற்றியூரே வந்து அழுதுவிட்டுப் போனது, நான் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கல்நெஞ்சுக்காரி என்று படிக்கட்டில் யாரோ சொன்னார்கள். என் டீயைக் குடித்துவிட்டுத்தான் சொன்னார்கள்.

அவள் போன மூன்றாம் நாள் புத்தர் படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றி எல்லாம் முடிந்ததும் தறியில் போய் உட்கார்ந்தேன். தறியில் இருப்பவளிடம் எப்படி ஆச்சு, எப்போ ஆச்சு என்று யாரும் கேட்க மாட்டார்கள். அதற்காகத்தான். யாருடைய சால்வை என்றுகூட யோசிக்கவில்லை. கீழே ஹார்பருக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்று உறுமின. நூல் சுற்றிய நாடாக் கட்டையை விட்டேன், தட்டினேன், விட்டேன், தட்டினேன். ஒரு வாரம் அப்படியே போனது. சோறு தின்றேனா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

சால்வையை அறுத்து இறக்கிய அன்று ஜீனத் வந்தாள். இதை விற்க வேண்டாம், அம்முவின் மகள் மதிக்கே கொடுத்துவிடு என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

மதிக்குப் பதின்மூன்று வயது. அவளும் என் முன்னால் அழவில்லை. நான் கொடுத்த சால்வையைத் திருப்பி என் மடியில் வைத்தாள், மேலே கத்திரிக்கோலையும் வைத்தாள்.

"அம்மா நெய்ஞ்சது மட்டும் வெட்டிக் குடு பெரிம்மா. உன்து வாணாம்."

கோபம் வரவேண்டிய பேச்சு. வரவில்லை. நியாயம்தானே, அவளுக்கு அவள் அம்மா வேண்டும். ஜன்னலோரம் கொண்டுபோய் விரித்து, கெட்டி முடிந்து என் தொளதொளப்பு தொடங்கும் இடத்தைத் தேடினேன். அப்படி ஓர் இடமே இல்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன், திருப்பினேன், கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே கெட்டி. ஒரு வாரமும் என் கை இரண்டு தட்டுத்தான் தட்டியிருக்கிறது, எனக்கே தெரியாமல். எந்த முனை அவள் தொடங்கியது என்றுகூடச் சொல்ல முடியவில்லை. உட்காரும்போது ஓரத்தில் ஒரு சிவப்பு நூலாவது கட்டியிருக்கலாம். எங்களுக்குத்தான் அந்தப் பழக்கமே கிடையாதே. என் தங்கச்சி கடைசியாக வைத்த இழையை நானே தொலைத்துவிட்டேன்.

கத்திரிக்கோலைத் தள்ளி வைத்தேன்.

"முச்சூடும் உங்கம்மா நெய்ஞ்சதுதான்," என்றேன்.

மதி சால்வையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்ப இத்தினி நாளா நீ தறில குந்திக்கினு இன்னா பண்ண?"

"தெர்லடி," என்றேன்.