லென்னின் வலது தோள்

பாரி கிளெக்கைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று மியூசியத்துப் பெண் போனில் கேட்டாள். அவனுக்குப் பல்வரிசை நன்றாக இருக்கும் என்றேன். அதற்கு மேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

உண்மையில் அவள் பாரி என்று சொல்லவில்லை. லூசியன் ட்ரெவல் என்றாள். பாரி என்றது நான்தான்.

"பாரியா? அது யாரு, மிஸஸ் பெக்?"

"ரெண்டும் ஒரே ஆள்தாம்மா. டாகன்ஹாம்ல அவங்க அம்மா வெச்ச பேரு பாரி. லூசியன்ங்கிறது அவனா வெச்சுக்கிட்டது."

அந்தப் பெண்ணின் பெயர் இமோஜன். லூசியன் ட்ரெவலின் இருபத்தெட்டு வருட உடைகளை வைத்து அவர்கள் மியூசியத்தில் பெரிய கண்காட்சி. வியாழக்கிழமை திறப்பு. நூற்றுச் சொச்சம் உடைகளும் பொம்மைகள்மேல் ஏறிவிட்டன, ஒன்றைத் தவிர. அவன் பெயரை ஊருக்குச் சொன்ன அந்த முதல் கோட்டு, 'சரிவு' என்று எல்லோரும் தலையில் தூக்கி வைத்து ஆடுகிற கோட்டு, எந்தப் பொம்மையிலும் உட்கார மாட்டேன் என்கிறதாம். வலது தோளில் தையல் விட ஆரம்பித்துவிட்டது. இப்படியே தொங்கினால் துணி கிழியும்.

"லூசியன்தான் உங்க நம்பர் குடுத்தார். 'பெரில்கிட்ட சொல்லுங்க, அவ பார்த்துக்குவா'ன்னார்."

பெரில் பார்த்துக்கொள்வாள். பத்தொன்பது வருஷம் அவன் தொழில் ஓடியதே இந்த ஒரு வாக்கியத்தில்தான்.

அந்தக் கோட்டை நான் அவனுக்காகத் தைக்கவில்லை. என் வீட்டுக்காரர் லென்னுக்காகத் தைத்தேன். எழுபத்தொன்பதாம் வருஷம், மே மாதம், எங்கள் மகள் கரோல் கல்யாணத்துக்கு. லென் ஸ்மித்ஃபீல்டு இறைச்சி மார்க்கெட்டில் சுமை தூக்குகிறவர். இருபத்துநாலு வருஷம் பாதி மாடு பாதி மாடாக வலது தோளில் சுமந்ததில் அந்தத் தோள் ஒன்றரை அங்குலம் இறங்கிப் போயிருந்தது. கடையில் எந்தக் கோட்டை வாங்கிப் போட்டாலும் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழப்போகிறவர் மாதிரி தெரிவார். பெண்ணைக் கைபிடித்துச் சர்ச்சுக்குள் கூட்டிப் போகும்போது அப்படித் தெரியக் கூடாது என்று அவருக்கு ஒரே கவலை.

நான் அப்போது பெத்னல் கிரீனில் ஒரு தையல் பட்டறையில் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். கருநீலக் கம்பளித் துணி வாங்கினேன். வலது பக்கம் தோளை இறக்கி, காலரை எதிர்ப்பக்கம் கொஞ்சம் தூக்கி, பட்டன் வரிசை நேராகத் தெரிகிற மாதிரி முன்பக்கத்தை நகர்த்தி, மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வெட்டித் தைத்தேன். காஜாக்களைக் கையால் கட்டினேன். லென் போட்டுப் பார்த்தார். நேராக நின்றார். கண்ணாடியில் தன்னையே மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாரு கிழவி இந்தத் துரை?" என்றார். அப்போது எனக்கு நாற்பத்தொன்று. கல்யாணமான நாளிலிருந்தே நான் அவருக்குக் கிழவிதான்.

அந்தக் கோட்டை அவர் போட்டது அந்த ஐந்து நிமிஷம்தான்.

பட்டறையில் எனக்குப் பக்கத்து மேஜை பாரிக்கு. படம் நன்றாக வரைவான், கத்தரிக்கோல் எடுத்தால் துணி பாழ். காஜா இஸ்திரி போட நான் கோட்டைக் கொண்டுபோன அன்றைக்குப் பார்த்தான். "பெரில் டார்லிங், ஒரே ஒரு நாள் குடு. அந்தத் தோளை நீ எப்படி வெட்டியிருக்கேன்னு பார்த்துட்டுத் தந்துடறேன்" என்றான். கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறானே என்று கொடுத்தேன். என்னைப் போல ஒரு மடச்சி உண்டா?

மறுநாள் ஒரு பழைய கிடங்கில் அவன் நடத்திய முதல் ஷோவில், ஈர்க்குச்சி மாதிரி ஒரு பெண்ணுக்கு அதை மாட்டி நடக்கவிட்டான். அவளுக்குத் தோள் இரண்டும் நேர். கோட்டு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, காலர் கோணி, கீழ்விளிம்பு ஏறி இறங்கி நின்றது. தப்பான ஆளுக்குத் தப்பான கோட்டு, அவ்வளவுதான். பேப்பர்காரர்கள் எழுந்து நின்று கை தட்டினார்களாம். காலையில் முதல் பக்கத்தில் படம். அப்புறம் கோட்டைக் கேட்டால், போட்டோக்காரரிடம் இருக்கிறது, கடை ஜன்னலில் இருக்கிறது, நாளைக்குத் தருகிறேன், திங்கட்கிழமை தருகிறேன். சனிக்கிழமை கல்யாணம் வந்துவிட்டது.

லென் என் தம்பியின் கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். பட்டன் பூட்டவில்லை. எங்கள் வீட்டு அலமாரிமேல் இருக்கிற கல்யாணப் படத்தில், கரோல் ஒரு பக்கம் சிரிக்கிறாள், லென் தொப்பியை வயிற்றின்மேல் பிடித்துக்கொண்டு சாய்ந்து நிற்கிறார்.

நியாயமாக அன்றைக்கே அவன் மூஞ்சியில் துப்பியிருக்க வேண்டும். மாறாக அவனிடமே வேலைக்குச் சேர்ந்தேன். லென்னுக்கு முதுகு போய்விட்டது, மார்க்கெட்டில் வேண்டாம் என்றுவிட்டார்கள், வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. லென்னின் தோளை ஆறு சைஸில் பேட்டர்ன் போட்டு ஆயிரக்கணக்கில் வெட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வரும். பாரி டிவியில் உட்கார்ந்து, "ஒரு பேரரசு சரிஞ்சதை நான் ஒரு தோள்ல காட்டினேன்" என்பான். பேரரசாம். அது மாட்டு எலும்பின் கனம்டா, மடையா.

டோக்கியோவில் கடை, சென்ட் பாட்டில், படுக்கை விரிப்பு, மூக்குக்கண்ணாடி என்று எல்லாவற்றிலும் லூசியன் ட்ரெவல் ஏறினான். அரண்மனையில் பதக்கம் வாங்கினான். தொண்ணூற்றெட்டில் பெயரை அப்படியே ஒரு கம்பெனிக்கு விற்றான். பட்டறை மொராக்கோவுக்குப் போனது. பதினாலு பெண்களுக்கு வேலை போயிற்று. போகும்போது ஆளுக்கு ஒரு வாசனை மெழுகுவத்தி கொடுத்தான், அவன் பெயர் போட்டது. நான் என்னுடையதைப் பூனை மூத்திரம் போகிற இடத்தில் ஏற்றி வைத்தேன். பூனை அங்கே போவதை நிறுத்திவிட்டது.

இமோஜன் போனை வைத்ததும் பாரியைக் கூப்பிட்டேன்.

"சரி பண்ணித் தர்றேன். கண்காட்சி முடிஞ்சதும் கோட்டைக் குடுத்துடு. நவம்பர்ல எங்களுக்குக் கல்யாணமாகி அம்பது வருஷம். லென் அதைப் போட்டுக்கணும்."

அவன் சிரித்தான். "பெரில் டார்லிங், அது சரித்திரம். உன் வீட்டை வித்தாலும் அதுக்குக் கட்டுற இன்ஷூரன்ஸுக்குப் போதாது. லென்னுக்கு நான் ஒரு நல்ல சால்வை அனுப்பறேன்."

"சால்வையை உன் கழுத்துல சுத்திக்கோ" என்று வைத்துவிட்டேன்.

இருந்தாலும் வியாழக்கிழமை போனேன். மறைக்க என்ன இருக்கிறது, திருடலாம் என்றுதான் போனேன். மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிற பெரிய பையை எடுத்துக்கொண்டேன். அதற்குள் ஒரு பழைய அட்டை. லென்னுக்கு வெட்டிய பேட்டர்ன், என் கையெழுத்தில் 'லென், கரோல் கல்யாணம்' என்று தேதியோடு எழுதியது, இருபத்தெட்டு வருஷம் பீரோவுக்குப் பின்னால் கிடந்தது. மியூசியம் வாசலில் ஒரு காவலாளி பையைத் திறந்து பார்த்தான். வெளியே போகும்போதும் பார்ப்போம் என்றான். என் திருட்டு அத்தோடு முடிந்தது.

இமோஜன் நல்ல பெண்தான். கையில் வெள்ளைக் கையுறை, கழுத்தில் பென்சில். கோட்டைப் பொம்மைமேல் பார்த்தேன். கருநீலம் கொஞ்சம் வெளுத்திருந்தது. காஜாக்கள் அப்படியே இருந்தன. வலது தோளில் நூல் நூலாக விட்டுக்கொண்டிருந்தது.

"முதல்ல இதைக் கழட்டும்மா. பாவம், மூச்சு முட்டுது அதுக்கு. உங்ககிட்ட இதைவிடச் சின்ன பொம்மை இருக்கா?"

"சின்னதா? இதுக்கே இழுக்குதே?"

"அதான். கோட்டுல இறக்கி வெட்டின தோளை உசத்த முடியாது. பொம்மையில மத்ததை எல்லாம் உசத்தணும்."

சின்ன பொம்மை வந்தது. வலது தோளை அப்படியே விட்டேன். இடது தோளில் பஞ்சு அடுக்கி ஏற்றினேன். அட்டையை வைத்து அளந்து முதுகைக் கட்டினேன். வயிற்றுக்கு அட்டை தேவைப்படவில்லை, அது என் கைக்கே தெரியும். பஞ்சுமேல் துணி போர்த்தி ஊசி போட்டேன். நாலு மணி நேரம் ஆயிற்று. நாற்பத்தைந்து வயது லென் தலையில்லாமல் என் முன்னால் நின்றார்.

இரண்டு பேருமாகக் கோட்டை மாட்டினோம். பட்டனைப் போட்டேன். இமோஜன் நாலடி பின்னால் போய்ப் பார்த்தாள்.

"மிஸஸ் பெக், இது கோணலாவே இல்லையே."

"எப்பவும் இருந்ததில்லை."

மூன்று மணிக்குப் பாரி வந்தான். கறுப்புக் கண்ணாடி, மெல்லிய காலணி, பின்னால் போனும் கையுமாக ஒரு பெண். வெளியே போட்டோக்காரர்கள் காத்திருந்தார்கள். என்னைப் பார்த்து இரண்டு கன்னத்திலும் காற்றில் முத்தம் கொடுத்தான். பிறகு திரும்பினான்.

"என் கோட்டு எங்க?"

"உன் மூக்குக்கு முன்னாடிதான் நிக்குது."

கண்ணாடியைக் கழற்றினான். சுற்றி வந்தான். முகம் தொங்கிப் போயிற்று. "என்ன பண்ணித் தொலைச்சே? சரிவு எங்க? அந்தத் தோள் எங்க?"

"நீதானே சரி பண்ணச் சொன்னே? பண்ணிட்டேன்."

"இதுல என்ன இருக்கு? யாரோ ஒரு கசாப்புக்காரன் கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி இருக்கு!"

"கசாப்புக்காரர் இல்ல, சுமை தூக்குறவர். கல்யாணம் சரிதான்."

அவன் கையை நீட்டி பஞ்சைப் பிடுங்கப் போனான். இமோஜன் குறுக்கே வந்தாள். "தொடாதீங்க, ப்ளீஸ். பஞ்சை எடுத்தா தையல் விட்டுடும். துணிக்குச் சேதம் வர்ற மாதிரி நாங்க எதையும் வைக்க மாட்டோம். வெச்சா இப்படித்தான் வைக்கணும்."

"இப்படியா? எல்லாரும் வந்து இதையா பார்க்கணும்? இதுவா சரிவுன்னு கேட்பாங்க!" போன்காரப் பெண் கடிகாரத்தைக் காட்டினாள். அவனுக்குக் காது வரை சிவந்துவிட்டது. "எண்பத்துநாலுல செஞ்ச பிரதி ஒண்ணு உள்ள இருக்கில்ல? அதை வைங்க. அது ஒழுங்கா கோணலா நிக்கும். இதைத் தூக்குங்க. இது என்னுது இல்ல!"

"இன்னொரு தடவை சொல்லு, பாரி" என்றேன்.

"என்னுது இல்ல! இந்தக் கந்தலை நான் செய்யவே இல்ல. என் பேர்ல இது நிக்கக் கூடாது."

இமோஜன் கழுத்துப் பென்சிலை எடுக்கவில்லை. பையிலிருந்து பேனாவை எடுத்தாள். "அப்ப இது உங்க படைப்பு இல்ல, கண்காட்சிக்கு வேண்டாம்னு எழுதறேன். நீங்க இரவலா குடுத்த கோட்டை யார்கிட்ட திருப்பித் தரணும்?"

"இவகிட்டயே குடுங்க. கெடுத்தவளே கொண்டுபோய்ப் பழைய துணிக் கடையில போடட்டும்."

அதையும் எழுதினாள். காகிதத்தை நீட்டினாள். அவன் படிக்காமலே கையெழுத்துப் போட்டான். லூசியன் ட்ரெவல் என்றுதான் முதலில் கிறுக்கினான். அந்தப் பெயர் கம்பெனிக்குச் சொந்தம், சட்டப்படி செல்லாது என்று இமோஜன் அமைதியாகச் சொன்னாள். அடித்துவிட்டு பாரி கிளெக் என்று எழுதினான். அவன் அந்தப் பெயரை எழுதி நான் பார்த்தது இருபத்தெட்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. நான் அவனுக்காகப் பரிதாபப்பட்டேன் என்று நினைக்காதீர்கள். துளிக்கூட இல்லை.

காவலாளி பையைத் திறந்து, காகிதத்தைப் படித்து, என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு விட்டான். பஸ்ஸில் பையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

லென் ஜன்னலோரம் உட்கார்ந்து குதிரைப் பந்தயம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவரை எழுப்பி நிறுத்தி, கையில் கோட்டை மாட்டினேன். எழுபத்துமூன்று வயதில் ஆள் சுருங்கிவிட்டார். உடம்பில் தொளதொள என்று கிடந்தது. ஆனால் வலது தோள் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தது. பட்டன் வரிசை நேராக நின்றது.

கண்ணாடியில் ரொம்ப நேரம் பார்த்தார். அலமாரிமேல் இருந்த படத்தையும் பார்த்தார்.

"கரோலைக் கூப்பிடு" என்றார். "கார் வந்துடப் போகுது. சர்ச்சுக்கு நேரமாச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனுஷனுக்குப் புத்தி தடுமாறிவிட்டதோ என்று முகத்தைப் பார்த்தேன். உதட்டோரம் சிரிப்பு இருந்தது.

"அசையாம நில்லுய்யா" என்று அதட்டிவிட்டுக் குண்டூசிகளை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் முட்டி போட்டேன்.

"கை நீளமா இருக்கு, கிழவி" என்றார் மேலேயிருந்து. "இவ்வளவு நாள் எடுத்துக்கிட்டே, கையைச் சரியா வெக்கக் கூடாதா?"

வாயில் குண்டூசி இருந்தது. ஒன்றை எடுத்து, கோட்டுக் கையின் நுனியை மடித்துக் குத்தினேன்.