ஏழு கோல் அடித்த ஆட்டம்

...இன்னும் கொஞ்ச நேரத்தில் கேட்டுவிடுவார்கள், ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று நிற்கிறது, இப்படியே முடிந்தால் என்ன அர்த்தம், உலகக் கோப்பைக்குள் போகிறோமா, வாசலிலேயே நிற்கிறோமா, அதை அவனிடம்தான் கேட்பார்கள், வேறு யாரைக் கேட்பார்கள், இந்த வீட்டில் கால்பந்து என்றால் அவள், அவள் இல்லையென்றால் அவள் புருஷன், அவர்களுக்கு அது அவ்வளவு சுலபம். மாமியார் வீட்டுச் சோபாவின் ஓரத்தில், வேலை நேர்காணலுக்கு வந்தவன் போல முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தரையில் அவள் தம்பி, லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன், எவ்வளவு கழுவினாலும் விரலில் கிரீஸ் போகாதவன், போனை மடியில் போட்டுக்கொண்டு. நாற்காலியில் எதிர்வீட்டு வேன் டிரைவர், எதற்கெடுத்தாலும் ஆஃப்சைடு என்று கத்துவதால் தெருவுக்கே அவர் பெயர் ஆஃப்சைடு, கோல்கீப்பர் பந்தைக் கையில் எடுத்தால்கூட அவருக்கு ஆஃப்சைடுதான். மாமியார் தையல் மெஷினுக்கு முன்னால் ஸ்டூலில், யாருடைய பேண்ட்டுக்கோ ஜிப் பிரித்துக்கொண்டு, பிளேடைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டு. கையை வெட்டிக்கொள்ளப் போகிறார், சொல்லலாம், சொல்லவில்லை. அவள் செத்ததிலிருந்து அவன் எதையும் சொல்வதில்லை, அதற்கு முன்னால் மட்டும் என்ன சொன்னான், கேட்டுக்கொண்டிருந்தான், அல்லது அப்படி எல்லோரும் நினைத்தார்கள்.

நினைத்தார்கள் என்றால், மாமியார்தான் ஆரம்பித்து வைத்தது. மூளைக்காய்ச்சல், ஒரே வாரம், எல்லாம் முடிந்து ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருந்தபோது அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார், "எம் பொண்ணுக்கு வாய் ஓயாது மாப்ள. அவ பேசறதை முழுசாக் கேக்க ஒரு ஆள் கெடச்சுதே, அது போதும் எனக்கு." வந்தவர் போனவர் எல்லோரிடமும் அதையே சொன்னார், அவ பேசுவா, இவர் கேப்பாரு, ஃபுட்பாலைப் பத்திக்கூட உக்காந்து கேப்பாருன்னா பாத்துக்குங்க. அந்தப் பெயரில்தான் அவன் இத்தனை மாதமும் இந்த வீட்டுக்குள் நுழைகிறான், சாப்பிடுகிறான், மகன் மாதிரி நடத்தப்படுகிறான். அவனிடம் இருப்பது அது ஒன்றுதான், அதுவும் பொய். அவள் போன் கம்பெனியில் புகார் கேட்கிறவள், பகல் முழுக்க ஊரான் ஏச்சைக் காதில் வாங்கிவிட்டு வருவாள், வந்து கைகழுவியதும் அவள் முறை. எந்த குரூப்பில் யார் முதல், யாரிடம் யார் தோற்றால் நமக்கு வழி, ரெண்டாவது வந்தால் என்ன, புள்ளி சமமானால் என்ன. அவன் எதிரே உட்கார்ந்து தலையாட்டுவான், தலைக்குள் சாக்கடைக் குழாய் ஓடும், அவன் வேலை அது, தெருவுக்கடியில் குழாய் போகும் வழியை வரைவது, எத்தனை சரிவு வைத்தால் தண்ணீர் தேங்காது என்று. அதிலும் ஒரு திறமை வந்துவிட்டது, அவள் வாக்கியத்தின் கடைசி இரண்டு வார்த்தையைப் பிடித்துக் கேள்வியாகத் திருப்பிவிடுவது. "ரெண்டாவது வந்தாலா?" "அதான் சொல்றேன்ல, கேளு..." என்று அவள் இன்னும் உற்சாகமாகிவிடுவாள். எவ்வளவு மலிவான வித்தை... குரங்காட்டிகூட வெட்கப்படுவான்.

விசில். ஒன்றுக்கு ஒன்று. முடிந்துவிட்டது. திரையில் நம் ஆட்கள் குதிக்கவும் இல்லை, அழவும் இல்லை, மைதானத்தின் நடுவில் இடுப்பில் கைவைத்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், அவர்களுக்கே தெரியவில்லை, கோச் யாருடைய போனிலோ குனிந்திருக்கிறார், சரியாக அந்த நேரம் பார்த்து விளம்பரம், பல்பசை. மூன்று முகமும் திரும்பின. "என்ன வாத்தியாரே, உள்ளயா வெளியயா?" என்றார் ஆஃப்சைடு. மச்சான் போனைத் தட்டிக்கொண்டிருந்தான், நெட் சுற்றிக்கொண்டே இருந்தது. மாமியார் பிளேடைக் கீழே வைத்துவிட்டார். "மாப்ள, நாம போறமா?" தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நாலே எழுத்து, வாயில் வந்து நின்றது, அந்த முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது, தன் பெண்ணே பதில் சொல்லப்போவது போல அந்த அம்மாள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவனுக்கு ஞாபகத்தில் இருந்தது ஒரே ஒரு ஆட்டம், ஏழு கோல் அடித்தோமே, குரூப்பில் கடைசியாக வந்த அந்தக் குட்டி நாட்டோடு ஆடி, ஏழுக்குப் பூஜ்யம். "போயாச்சு அத்தை," என்றான், "ரெண்டாவதா வந்திருக்கோம், எல்லா குரூப்லயும் ரெண்டாவதா வந்தவங்கள்ல நல்லா ஆடினவங்களை எடுத்துக்குவாங்க, புள்ளி சமமா இருந்தா கோல் வித்தியாசம் பாப்பாங்க, நாமதான் ஏழு கோல் போட்டமே." நன்றாக வந்தது. அவள் தொனிகூட வந்தது, அந்த 'நாமதான்'ல ஒரு இழுப்பு. தன் குரலைத் தானே கேட்டு ஒரு நொடி நம்பிவிட்டான். "அடி சக்கை!" என்று ஆஃப்சைடு நாற்காலியோடு எழுந்தார். மாமியார் அழுதுகொண்டே சிரித்து, தையல் மெஷின் மேலிருந்த போனை எடுத்துத் தங்கச்சிக்குப் போட்டார், "ஆமாண்டி, போயிட்டோம்! யார் சொன்னாங்களாவா, எங்க மாப்ள சொல்றாருடி, டிவிக்காரனுக்கு முன்னாடி இவருக்குத் தெரியுது. அவ சொல்லிக் குடுத்ததில்ல, விட்டுப் போகுமா?"

பல்பசை முடிந்தது, ஒரு கார் வந்தது, காரும் போயிற்று, அப்புறம் மைதானம். நம் ஆட்கள் புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் பனியனைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டிருந்தான். கேப்டன் கோல் கம்பத்தில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றான். போனில் மாமியாரின் தங்கச்சி குரல் மட்டும், என்னக்கா, என்னக்கா என்று. "அந்த ஏழு கோல் கணக்குல வராதாம்," என்றான் மச்சான், நெட் வந்துவிட்டது, திரையைப் பார்த்தபடியே படித்துப் படித்துச் சொன்னான். "ஒரு குரூப்புல ஒரு நாடு நடுவுல விலகிடுச்சுல்ல, அவங்களுக்கு ஆட்டம் கம்மி. அதனால மத்த குரூப்லயும் கடைசி டீமோட ஆடினதை எடுத்துட்டுத்தான் ரெண்டாவது ஆளுங்களை ஒப்பிடுவாங்க. அதை எடுத்தா நாம ஒரு கோல்ல கீழ. அவ்வளவுதான். முடிஞ்சுது."

அன்றைக்கு அவள் சொன்னது இதுதான். இப்போது தெரிகிறது, ஏழு கோல் அடித்த அன்று, அவன் வேலை முடிந்து வந்தபோது நம் டீமின் நீல பனியனோடு சாப்பாட்டு மேசையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள், முகம் உம்மென்று, ஏன் ஜெயிச்சாச்சே என்று கேட்டான், கேட்டானே, அதுவரை சரியாகத்தான் செய்தான், அவள் உடனே மேசையைத் துடைத்துப் பட்டாணிகளை வரிசை வரிசையாக வைத்தாள், இது நாம, இது அவங்க, வாய் அசைந்துகொண்டே இருந்தது, விரல் போய்ப் போய் வந்தது, வளைவான நகம், ஒரு நகத்தில் மட்டும் சாயம் பாதி உரிந்திருந்தது, அவளுடைய நகம்கூட நினைவிருக்கிறது, வார்த்தை ஒன்றுகூட இல்லை. அப்புறம் ஒரு பட்டாணியை வரிசையிலிருந்து நகர்த்தித் தனியே வைத்தாள், கடைசி ஆள், இதைச் சேர்க்க மாட்டாங்களாம் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும், எவ்வளவு அநியாயம் பாரு என்று சொல்லியிருக்க வேண்டும். அவன் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். ஆமாம், தின்றான். அவள் பேச்சு நின்றது. அவனைப் பார்த்தாள். அவன் மென்றுகொண்டே, "சேர்க்க மாட்டாங்களாமா?" என்றானோ என்னவோ, வழக்கமான வித்தை, அவளும் மறுபடி பேச ஆரம்பித்தாள், ஆனால் அதற்கு முன்னால் பார்த்தாளே ஒரு பார்வை... கோபமா அது? கோபம் மாதிரி இல்லை. பிறகு என்ன? சோபாத் துணியில் ஒரு நூல் பிரிந்திருந்தது, அதை விரலில் சுற்றினான், அவிழ்த்தான், சுற்றினான்.

"வாத்தியாரே ஃபெயிலாயிட்டாரே!" ஆஃப்சைடுக்கு எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது. "ஏழு கோலு ஏழு கோலுன்னு தூக்கி நிறுத்தினீங்க, தொப்புனு போட்டுட்டீங்களே." மாமியார் போனைக் காதிலிருந்து எடுத்து மார்போடு வைத்துக்கொண்டிருந்தார். "மாப்ள, போயாச்சுன்னீங்களே," என்றார், குற்றமாகச் சொல்லவில்லை, ரசீதில் ஏதோ தப்பாக இருக்கிறது என்று கடைக்காரனிடம் கேட்பது போல, தயங்கி. "அவ இதையெல்லாம் விடாமச் சொல்லுவாளே. உங்ககிட்ட சொல்லலியா?" இப்போது சொல்லிவிடலாம். சொன்னாள் அத்தை, நான்தான் கேட்கவில்லை, இது மட்டுமில்லை, எதையுமே. சொன்னால் இந்த அம்மாளுக்கு என்ன மிஞ்சும்? தன் பெண் ஒரு சுவரைப் பார்த்துப் பேசிவிட்டுப் போனாள் என்பதுதான் மிஞ்சும். அப்படியானால் அவருக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறானா? இல்லை, இந்தச் சோபாவில் இந்த ஓரமும் இல்லாமல் போய்விடும் என்றுதான். நினைக்கவே கூசியது, கூசினாலும் வாய் திறக்கவில்லை.

"அம்மா, அத்தான் சொன்னது தப்பில்ல," என்றான் மச்சான், போனைப் பையில் போட்டுக்கொண்டே. "அது பழைய ரூலு. அந்த நாடு விலகினப்புறம்தான் மாத்தினானுங்க. அக்காவுக்கே தெரிஞ்சிருக்காது." மாமியார் மூச்சை விட்டார். "அதான பாத்தேன்," என்று போனைக் காதுக்குக் கொண்டுபோய், "ரூலை மாத்திட்டானுங்களாம்டி, அநியாயத்தைப் பாரு, அவ இருந்திருந்தா சும்மா விட்டிருப்பாளா," என்று பேசிக்கொண்டே உள்ளறைக்குப் போனார். ஆஃப்சைடும் ஆட்ட நடுவரின் குடும்பத்தைக் கெட்ட வார்த்தையில் விசாரித்தபடி செருப்பைத் தேடிக் கிளம்பினார். நாடு விலகியது அந்த ஏழு கோலுக்கு முன்னால். மச்சானுக்கு அது நன்றாகத் தெரியும், இப்போதுதான் படித்தான். பொய்யை அவ்வளவு சரளமாக, கண்ணிமைக்காமல், முன்பே யோசித்து வைத்திருந்தவன் போல...

"எதுக்குடா அப்படிச் சொன்னே?" என்றான் அவன். மச்சான் டிவியின் சத்தத்தைக் குறைத்தான். விரலைப் பேண்ட்டில் துடைத்தான், கிரீஸ் ஒன்றும் இல்லை, பழக்கம். "விடுங்க அத்தான்," என்றான். "அக்கா சொல்லியிருக்கா."

சொல்லியிருக்கிறாள். எதை? எப்போது? அவன் கேட்பதில்லை என்று அவளுக்குத் தெரியும், அவ்வளவு நாளும் தெரியும், தெரிந்துதான் மறுநாளும் கைகழுவிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள், கேளு கேளு என்றாள், கடைசி இரண்டு வார்த்தையை வேண்டுமென்றே அவன் பிடிக்கிற மாதிரி நிறுத்திக்கூட விட்டாளோ என்னவோ. மச்சான் எழுந்து டிவியை அணைத்தான், பேண்ட்டையும் பிளேடையும் எடுத்து மெஷின் மேல் வைத்தான், இன்னும் இங்கேதான் நிற்கிறான், கேட்டால் சொல்வான். ஒரே ஒரு கேள்விதான், சின்னக் கேள்வி. அதைத் தம்பியிடம் சொன்னபோது அவள் சிரித்துக்கொண்டே சொன்னாளா, இல்லை...