முக்கால் மீட்டர் குறை

தபால்காரருக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்ததால்தான் தையற்காரர் தன் சம்பந்தியம்மாவோடு நேருக்கு நேர் பேச வேண்டி வந்தது.

தபால்காரரும் தையற்காரரும் ஜோடி. நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் புல்தரையில் இரண்டு வருஷமாகப் பந்து உருட்டுகிறார்கள். ஆட்டம் கேட்க எளிது. ஜாக் என்கிற சின்ன வெள்ளைப் பந்தை முதலில் உருட்டி ஓரிடத்தில் நிறுத்திவிடுவார்கள். அப்புறம் இரண்டு பக்கத்தாரும் பெரிய பந்துகளை மாற்றி மாற்றி உருட்டுவார்கள். யார் பந்து ஜாக்குக்குக் கிட்டே நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. பெரிய பந்து ஒரு பக்கம் சற்றே சாய்வாகக் கடைந்தது, நேராகப் போகாது, வளைந்துதான் போகும். தரை முடிகிற இடத்தில் சாண் ஆழத்துக்கு ஒரு வாய்க்கால். வேகம் கூடினால் பந்து அதில் விழும். தையற்காரருடைய பந்துகளில் பாதி அங்கேதான் கிடக்கும். மீதிப் பாதி வழியிலேயே நின்றுவிடும்.

டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார் என்றுதான் அவர் அங்கே போக ஆரம்பித்தது. எங்கேயும் போகாமல் சும்மா நடந்துவிட்டுத் திரும்பி வருவது அவருக்கு வெட்கமாக இருந்தது.

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது தபால்காரர் கட்டிலில் படுத்துவிட்டார். வேறு ஜோடி கிடைக்கவில்லை. மகன் மெதுவாக ஆரம்பித்தான்.

“அப்பா, அத்தை ஆடுவாங்கப்பா. அவங்க வீட்டுப் பக்கத்து கிளப்புல நாலு வருஷமா ஆடறாங்க.”

“எந்த அத்தை?”

“எனக்கு எத்தனை அத்தை?”

தையற்காரர் கத்தரிக்கோலைத் துடைத்தார். அத்தை என்றால் மருமகளின் அம்மா. டிரைவிங் ஸ்கூலில் இருபத்தாறு வருஷமாக வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். இரண்டு பேருக்கும் மூன்று வருஷமாகப் பேச்சில்லை. காரணம் ஒரு கோட்டு.

கல்யாணத்துக்கு முந்தைய வாரம், சம்பந்தியம்மாவுக்குத் தன் கையால் ஒரு கோட்டு தைத்துக் கொடுக்க வேண்டும் என்று தையற்காரருக்குத் தோன்றியது. புதுச் சம்பந்தியைக் கூப்பிட்டு நிற்கவைத்து டேப்பைச் சுற்ற அவருக்குக் கூச்சம். ஆளைப் பார்த்தே அளவு சொல்கிறவர் என்று அந்தத் தெருவில் பெயர் வாங்கியவர் வேறு. மருமகள் காட்டிய போட்டோவைப் பார்த்து வெட்டிவிட்டார். கோட்டைப் போட்டுக்கொண்ட சம்பந்தியம்மா கண்ணாடி முன்னால் ஒரு சுற்றுச் சுற்றினார்.

“நல்லாருக்கு. உள்ள இன்னொருத்தரையும் கூட்டிக்கிட்டுப் போகலாம்,” என்றார். இரண்டு வீட்டு ஆட்களும் கூடத்தில் இருந்தார்கள்.

“போட்டோவுல அப்படித்தான் தெரிஞ்சாங்க,” என்றார் தையற்காரர்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு எதுவானாலும் பிள்ளைகள் மூலமாகத்தான். “உங்க மாமனார்கிட்டச் சொல்லு”, “உங்க அத்தைகிட்டக் கேளு” என்று மூன்று வருஷம் ஓடிவிட்டது. பெரிய சண்டை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒரே அறையில் இருந்தால் ஒருத்தர் ஜன்னலைப் பார்ப்பார், இன்னொருத்தர் காலண்டரைப் பார்ப்பார்.

தையற்காரர் ஒரு ராத்திரி யோசித்தார். போட்டியை விட மனசில்லை. காலையில் மகனிடம், “வரச் சொல்லு,” என்றார்.

சனிக்கிழமை சம்பந்தியம்மா டிரைவிங் ஸ்கூல் வண்டியிலேயே வந்து இறங்கினார். கூரைமேல் போர்டு இருந்தது. புல்தரையை ஒரு முறை பார்த்தார். குனிந்து உள்ளங்கையால் புல்லைத் தடவினார்.

“ஈரம். மெதுவாத்தான் ஓடும்,” என்று சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே அந்தக் கோடிக்கு நடந்து போனார்.

ஜோடி ஆட்டத்தில் ஒருத்தர் உருட்டும்போது இன்னொருத்தர் அந்தக் கோடியில் ஜாக்குக்குப் பக்கத்தில் நின்று, எவ்வளவு குறைந்தது, எவ்வளவு கூடியது என்று சொல்ல வேண்டும். இங்கிருந்து பார்த்தால் தெரியாது. தரையோடு தரையாகப் பார்க்கிறபோது இரண்டு பந்தும் ஒட்டிக்கொண்டிருப்பது போல் இருக்கும். கிட்டே போனால் நடுவில் ஓர் ஆள் படுக்கலாம். தபால்காரர் நல்ல மனுஷர். பந்து எங்கே நின்றாலும் “அருமை, அருமை” என்பார். தையற்காரருக்கு அது பழகிப்போயிருந்தது.

முதல் பந்து அழகாக வளைந்து போய் ஜாக்கைத் தொட்டாற்போல் நின்றது.

“முக்கால் மீட்டர் குறை!” என்று அந்தக் கோடியிலிருந்து குரல் வந்தது. கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள்ளும் கேட்கிற குரல்.

தையற்காரருக்குச் சுருக்கென்றது. கோட்டு விஷயத்தை இந்த அம்மா இன்னும் விடவில்லை என்று நினைத்துக்கொண்டார். விறுவிறுவென்று நடந்து போய், கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து, மண்டியிட்டு அளந்தார். எழுபத்தாறு சென்டிமீட்டர்.

திரும்பி வந்தார். இரண்டாவது பந்து. “ஒண்ணேகால் அதிகம்!” மறுபடி நடந்தார். நூற்றிருபத்து நாலு. மூன்றாவது, “அரை மீட்டருக்கு ரெண்டு விரல் கம்மி.” நாற்பத்தேழு. இப்படியே பதினோரு தடவை போய் அளந்தார். டாக்டர் சொன்ன நடை அன்றைக்குத்தான் சரியாக நடந்திருக்கும்.

பன்னிரண்டாவது தடவை சம்பந்தியம்மா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“அளந்தாச்சா?”

“ஆச்சு.”

“இருபத்தாறு வருஷம் பக்கத்து சீட்டுல உக்காந்து, முன்னால போற லாரிக்கும் நமக்கும் எவ்வளவு இடம் இருக்குன்னு பார்த்திருக்கேன் சம்பந்தி. தப்பாச் சொல்லியிருந்தா இன்னிக்கு இங்க நின்னுக்கிட்டு இருக்க மாட்டேன்.”

மூன்று வருஷத்தில் அவர் தையற்காரரைப் பார்த்து நேராகச் சொன்ன முதல் பேச்சு அது. தையற்காரர் டேப்பைச் சுருட்டினார்.

“இன்னொண்ணும் சொல்றேன்,” என்றார் சம்பந்தியம்மா. “உங்க கை ஒரே மாதிரிதான் வருது. அதுல குறையே இல்ல. ஆனா ஒரு பந்து குறைஞ்சா அடுத்ததை வேணும்னே ஓங்கி விடறீங்க. அது வாய்க்கால்ல விழுந்தா அதுக்கு அடுத்ததைப் பயந்துக்கிட்டு விடறீங்க. நான் முக்கால்னு சொன்னா முக்கால் மட்டும் கூட்டுங்க. உங்க கண்ணு சொல்றதைக் கேக்காதீங்க.”

கண்ணை வைத்துப் பிழைப்பவரிடம் சொல்கிற பேச்சா இது? தையற்காரருக்கு முகம் தொங்கிப்போனது. ஆனால் அடுத்த நாலு பந்தில் மூன்று, ஜாக்கிலிருந்து ஒரு அடிக்குள் நின்றன. அதையும் அவர் அளந்து பார்த்தார்.

அப்புறம் இடம் மாறினார்கள். சம்பந்தியம்மா உருட்ட, தையற்காரர் ஜாக்குக்குப் பக்கத்தில் நின்றார். இப்போது அவர் பக்கம் காற்று வீசியது. பக்கத்தில் இருக்கிற எதையும் அவரால் சென்டிமீட்டர் பிசகாமல் சொல்ல முடியும். “நாற்பத்திரண்டு குறை!” என்று கத்தினார். “நூற்றெண்பது அதிகம்!” என்றார். “இருநூற்றுப் பத்து குறை!” என்றார்.

அவ்வளவு துல்லியமான கண்ணிருந்தும் சம்பந்தியம்மாவின் பந்து ஒன்று போல் ஒன்று வரவில்லை. அந்தம்மாவுக்கே அது புரியவில்லை. “நாலு வருஷமா இப்படித்தான். எவ்வளவு தூரம்னு நல்லாத் தெரியுது. கை கேக்க மாட்டேங்குது,” என்றார்.

தையற்காரர் பக்கத்தில் வந்து நின்று ஏழெட்டுப் பந்து பார்த்தார். பார்த்தது கையை அல்ல, பேண்ட் ஓரத்தை. அது தொழில் புத்தி.

“உங்க வலது கால் பேண்ட் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு உயரத்துல நிக்குது,” என்றார். “ஒரு தடவை செருப்புக்கு மேல ரெண்டு விரல். ஒரு தடவை நாலு விரல். நாலு விரல் ஏறினா பந்து குறையுது.”

சம்பந்தியம்மா குனிந்து தன் காலைப் பார்த்தார். மறுபடி ஒரு பந்தை விட்டார். பந்து கையை விட்டுப் போகிற நேரத்தில் அவருடைய வலது முன்பாதம், உருட்டுகிறவர் நிற்பதற்காகப் போட்டிருந்த பாயை அழுத்தி மிதித்தது. குதிகால் மேலே எழும்பியது.

“ஐயையோ,” என்றார். “பிரேக்கு.”

கற்றுக்கொள்கிறவன் எதிலாவது போய் முட்டப் போகிறான் என்றால் அவர் பக்கம் இருக்கும் பிரேக்கை மிதிக்க வேண்டும். இருபத்தாறு வருஷம் மிதித்த கால். பந்து வேகமாகப் போகிறது என்று தோன்றினால் பலமாக மிதித்தது, இல்லை என்றால் லேசாக. மிதிக்கிற மிதியில் உடம்பு பின்னால் இழுபட்டு, பந்தின் வேகம் மாறிப்போனது.

அந்த வாரம் முழுக்க மிதிக்காமல் உருட்டப் பார்த்தார். முடியவில்லை. காலைப் பிடித்து வைத்தால் கை கோணியது. கையைப் பார்த்தால் கால் மிதித்தது. புதன்கிழமை பந்தைக் கீழே வைத்துவிட்டு, “என்னை விட்டுடுங்க சம்பந்தி. நீங்க வேற ஜோடி பாருங்க,” என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

தையற்காரரும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, “மிதிக்கறதை எதுக்கு விடணும்?” என்றார்.

“அதனாலதானே பந்து கெட்டுப்போகுது?”

“மிதிக்கறதால கெடல. ஒருக்கா அழுத்தி, ஒருக்கா லேசா மிதிக்கறதாலதான் கெடுது. எல்லாத் தடவையும் அழுத்தியே மிதிங்க. லாரி வந்தாலும் வராட்டியும். எனக்கு ஒரு வாடிக்கையாளர், ஒரு தோள் தாழ்ந்திருக்கும். நிமிர்ந்து நில்லுங்கன்னு நான் சொல்றதில்ல. தாழ்ந்த தோளுக்கே தைச்சுடுவேன்.”

சம்பந்தியம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோட்டைப் பற்றி ஏதோ வாய் வரை வந்தது போலிருந்தது. சொல்லவில்லை. எழுந்து போய்ப் பாயின் மேல் நின்றார்.

ஒவ்வொரு பந்துக்கும் ஒரே மிதி. பேண்ட் ஓரம் ஒவ்வொரு தடவையும் நாலு விரல். குறைகிற தூரத்துக்குக் கையைப் பின்னால் இன்னும் கொஞ்சம் இழுத்து வீசினார். வெள்ளிக்கிழமைக்குள் அவருடைய பந்துகள் ஜாக்கைச் சுற்றி ஒரு மேஜை விரிப்புக்குள் அடங்க ஆரம்பித்தன.

போட்டியில் முதல் ஆட்டமே மருந்துக்கடை அண்ணன் தம்பியோடு. இரண்டு பேரும் ஒரே மாதிரித் தொப்பி போட்டுக்கொண்டு, ஒருத்தரோடு ஒருத்தர் பேசிக்கொள்ளாமலே ஆடுகிறவர்கள். மகனும் மருமகளும் வேலியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். கடைசிச் சுற்று வந்தபோது இரண்டு பக்கமும் பதினாலு புள்ளி.

தையற்காரரின் முதல் இரண்டு பந்தும் நன்றாக நின்றன. அடுத்து மருந்துக்கடைத் தம்பி விட்ட பந்து வந்த வேகத்தில் ஜாக்கையே இடித்துப் பின்னால் தள்ளிவிட்டது. ஜாக் காலில் படாமல் இருக்க சம்பந்தியம்மா குதித்து ஒதுங்கினார். தையற்காரருக்கு இங்கிருந்து பார்த்தால் ஜாக் பழைய இடத்திலேயே இருப்பது போலத்தான் தெரிந்தது.

“ரெண்டு மீட்டர் கூட்டுங்க!” என்றது குரல்.

ரெண்டா? அவ்வளவு தள்ளியிருக்காதே என்று அவருடைய கண் சொன்னது. கண் சொல்வதைக் கேட்பதை அவர் விட்டுப் பதினைந்து நாள் ஆகிறது. சரியாக இரண்டு மீட்டர் கூட்டி விட்டார். பந்து ஜாக்கைத் தாண்டி ஒரு மீட்டர் போய் நின்றது.

அந்தக் கோடியில் சம்பந்தியம்மா தன் காலைப் பார்த்தார், ஜாக்கைப் பார்த்தார், முன்னால் ஓர் அடி வைத்தார், மறுபடி பின்னால் வைத்தார். எப்போதும் தான் நிற்கிற இடத்திலிருந்து கணக்குப் பார்க்கிறவர். குதித்து ஒதுங்கியபோது ஒரு மீட்டர் பின்னால் வந்திருந்தார்.

“ஒரு மீட்டர்தான் சம்பந்தி!” என்று கத்தினார். “நான் நகர்ந்ததைச் சேத்துச் சொல்லிட்டேன்! தப்பு என்னோடது!”

வேலியோரம் உட்கார்ந்திருந்த மருமகள் எழுந்து நின்றுவிட்டாள். அம்மா வாயிலிருந்து அந்தக் கடைசி இரண்டு சொல்லை அவள் கேட்டதே இல்லை. “நிஜமாவே அப்படியா சொன்னாங்க?” என்று புருஷனிடம் கேட்டாள்.

தையற்காரர் கடைசிப் பந்தை ஒரு மீட்டர் மட்டும் கூட்டி விட்டார். நாற்பது சென்டிமீட்டரில் நின்றது. இடம் மாறியதும் மருந்துக்கடை அண்ணன் அதைவிடக் கிட்டே, இருபத்தெட்டில், ஒன்றை நிறுத்தினார். சம்பந்தியம்மாவின் முதல் மூன்று பந்தும் அதற்கு வெளியேதான் நின்றன, இனி கடைசிப் பந்து. தையற்காரர் ஜாக்கருகே நின்று, “இருபத்தெட்டுக்குள்ள வரணும்!” என்றார். சம்பந்தியம்மா மூச்சை இழுத்துவிட்டு, பாயை அழுத்தி மிதித்து, பந்தை விட்டார். அது வளைந்து வளைந்து வந்து, நிற்கலாமா வேண்டாமா என்று யோசித்து, நின்றது.

நடுவர் அளக்கக் குனிவதற்கு முன்னாலேயே தையற்காரருக்குத் தெரிந்துவிட்டது. “முப்பது,” என்றார். நடுவர் அளந்துவிட்டு, “முப்பது,” என்றார். இரண்டு சென்டிமீட்டரில் ஆட்டம் போனது.

அந்தம்மா நடந்து வந்து பந்தைப் பார்த்தபடி நின்றார். “நான் சரியாச் சொல்லியிருந்தா உங்க மூணாவது பந்தே நின்னிருக்கும்.”

“நின்னிருக்கும்,” என்றார் தையற்காரர். குனிந்து ஒரு பந்தை எடுத்துக்கொண்டே, “கோட்டை அன்னிக்கு அளந்துட்டுத் தைச்சிருக்கணும்,” என்றார்.

“ஆமா,” என்றார் சம்பந்தியம்மா. இரண்டு பேரும் பந்துகளைப் பொறுக்கிப் பையில் போட்டார்கள்.

இரண்டு மாதத்தில் தபால்காரர் முழங்கால் சரியாகித் திரும்பி வந்தார். ஜோடியில் அவருக்கு இடம் இல்லை என்று தையற்காரர் எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார். சம்பந்தியம்மாதான் மூன்று பேர் ஆடும் ஆட்டத்துக்குப் பெயர் கொடுக்கலாம் என்று முடித்துவைத்தார். முதல் நாள் பயிற்சியில் தபால்காரரின் ஒவ்வொரு பந்துக்கும் அந்தக் கோடியிலிருந்து தீர்ப்பு வந்தது. ஒரு தடவைகூட “அருமை” வரவில்லை. தபால்காரர் தையற்காரரின் காதருகே வந்தார்.

“எப்பவும் இப்படித்தான் கத்துவாங்களா?”

“ஆமா. ஆனா சரியாச் சொல்லுவாங்க.”

“போட்டியில தப்பாச் சொன்னாங்கன்னு மருந்துக்கடையில பேசிக்கிட்டாங்களே?”

“ஒரே ஒரு தடவை,” என்றார் தையற்காரர் கடுமையாக. “நீங்க ஒண்ணரை மீட்டர் கூட்டி விடுங்க.”