பம்ப் ஹவுஸின் வடக்கு

"பம்ப் ஹவுஸ் ஸ்டேஷனோட ரா டேட்டா வேணும் சார். ஆரம்பத்துல இருந்து."

கேட்டேவிட்டாள். பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார், துடைப்பதை நிறுத்தவில்லை. மூலையில் பிரிண்டருக்குத் தாள் போட்டுக்கொண்டிருந்த 'ஆமாம் சார்' தான் அப்படியே நின்றுவிட்டான். ஆய்வகத்தின் மூத்த ஆராய்ச்சியாளன் அவன். பட்டம் வாங்கிய பிறகும் கிளம்ப மனமில்லாமல் இங்கேயே ஒட்டிக்கொண்டவன். சார் வாயைத் திறப்பதற்கு முன்பே தலையை ஆட்டிவிடுவதால் வந்த பெயர் அது. வைத்தது அவள்தான் என்பது அவனுக்கும் தெரியும்.

அவள் சேர்ந்த முதல் நாளே அவன் பாடம் எடுத்திருந்தான். "லீவு கேளு, குடுப்பார். புது லேப்டாப் கேளு, முனகிக்கிட்டே குடுப்பார். சண்டைகூட போடு, சிரிச்சுக்குவார். பம்ப் ஹவுஸ் ரா டேட்டா மட்டும் கேட்டுடாதே." ஏன் என்று கேட்டதற்கு, "கேக்கக் கூடாதுன்னா கேக்கக் கூடாது. இதெல்லாம் வீட்டுல சொல்லித் தரமாட்டாங்களா?" என்றான். "எங்க வீட்டுல யாரும் லேபுக்குப் போனதில்லண்ணா. அதான் விட்டுப்போச்சு" என்றாள். அன்றைக்கே இருவருக்கும் ஒத்துவராது என்று தெரிந்துபோயிற்று.

ரா டேட்டா என்றால் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. நிலநடுக்கக் கருவி கேட்டது கேட்டபடியே எழுதி வைக்கிற பதிவு. கருவிக்கு மூன்று காது: ஒன்று மேல்கீழ் அசைவைக் கேட்கும், ஒன்று வடக்கு தெற்கு, ஒன்று கிழக்கு மேற்கு. மற்ற ஸ்டேஷன்களின் பதிவை யார் வேண்டுமானாலும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பம்ப் ஹவுஸ் பதிவு மட்டும் சாருடைய பழைய புரோகிராமுக்குள் நுழைந்து, திருப்பப்பட்டு, நறுக்கப்பட்டு, குளித்துத் தலை வாரிக்கொண்டுதான் வெளியே வரும். வந்ததை வாங்கிக்கொண்டு போக வேண்டும். ஏனென்றால் அந்த ஸ்டேஷனில்தான் 'சாரோட சரிவு' பிறந்தது.

மலையடிவாரத்து ஊர் ஒன்றின் கீழே, பூமியின் மேலோட்டுக்குள், ஆதிகாலக் கடல்தரை ஒன்று பலகையைச் சாய்த்து வைத்தது போல உள்ளே இறங்குகிறது என்பது சார் இளம் வயதில் கண்டுபிடித்தது. அதற்காக அவருக்குச் சால்வை, பதவி, புதுக் கட்டடம் எல்லாம் வந்தன. சரிவின் மேல் செம்பு படிந்திருக்கும் என்று ஒரு சுரங்கக் கம்பெனி வந்து துளை போட்டு, வெறும் பாறையைத் தூக்கிக்கொண்டு போனது. "ஆழம் பத்தலை" என்றார் சார். அடுத்த கம்பெனி இன்னும் ஆழமாகத் துளை போட்டு, இன்னும் ஆழத்தில் இருந்த வெறும் பாறையைத் தூக்கிக்கொண்டு போனது. அதற்கும் சார் ஏதோ சொன்னார்.

அவளுடைய ஆராய்ச்சி, அந்தச் சரிவு எது வரைக்கும் நீள்கிறது என்று பார்ப்பது. ஊரைச் சுற்றிக் குழி வெட்டி, கருவிகளைப் புதைத்து, ஆடு கடித்த வயரை ஒட்டுப்போட்டு, மழையில் நனைந்த பேட்டரியைத் தோளில் சுமந்து பதிவுகளைச் சேர்த்தாள். அவளுடைய ஸ்டேஷன் எதிலும் சரிவு இல்லை. எங்கே பார்த்தாலும் பாறை அடுக்குகள் மேசை போலச் சமமாகக் கிடந்தன. கொண்டுபோய்க் காட்டினால், "உன் ஸ்டேஷன்ல சத்தம் அதிகம்மா, வடிகட்டிட்டு வா" என்பார். வடிகட்டினாள். "இன்னும் கொஞ்சம் வடிகட்டு." வடிகட்டினாள். சமையலறையில் டீ வடிகட்டும்போதுகூட எரிச்சல் வந்தது. ஒன்றரை வருஷம் இப்படிக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதையாகப் போயிற்று.

போன வாரம் பேட்டரி மாற்ற பம்ப் ஹவுஸுக்குப் போயிருந்தாள். குடிநீர் வாரியம் கைவிட்ட ஒற்றை அறை. சிமென்ட் தரையில் மஞ்சள் பெயின்டில் ஒரு அம்பு, பக்கத்தில் சாருடைய கையெழுத்தில் வடக்குக்கு 'வ'. கருவி பழுதாகி மாற்றும் ஒவ்வொரு தடவையும் புதுக் கருவியை அந்த அம்பின் மேல் உட்கார வைத்துவிட்டு வருவது ஆய்வக வழக்கம். அங்கே காம்பஸ் எடுத்துப் போவது சாரை நம்பாதது மாதிரி. இவள் பையில் காம்பஸ் இருந்தது, வேறு குழிக்காக. சும்மாதான் எடுத்து அம்பின் மேல் வைத்தாள். ஊசி அம்போடு அச்சாகப் பொருந்தி நின்றது. அட, மனுஷன் சுத்தமாகத்தான் போட்டிருக்கிறார் என்று நினைத்தபடி காம்பஸைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து வாசலுக்கு நடந்தாள். நடக்க நடக்க ஊசி மெல்லத் திரும்பியது. வாசலைத் தாண்டிப் புல்தரையில் நின்றபோது அது வேறு ஒரு வடக்கைக் காட்டியது. உள்ளே போனாள், ஊசி பழையபடி அம்புக்குப் போயிற்று. வெளியே வந்தாள், புது வடக்கு. நாலைந்து தடவை இப்படிப் போய் வந்த பிறகுதான் சுவரோரம் தரைக்குள் இறங்கிய இரும்புக் குழாய் கண்ணில் பட்டது. ஆள் உள்ளே தவழ்ந்து போகலாம், அத்தனை பெரிய குழாய். ஊசி வடக்கைப் பார்க்கவில்லை, குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. கருவி திசை மாறி உட்கார்ந்திருந்தால், சமமான பாறையும் அதன் காதுக்குச் சாய்ந்த மாதிரிதான் கேட்கும்.

ஆனால் பெயின்ட் அம்பை வைத்து என்ன சொல்ல முடியும்? அது பிறகு எவனோ அடித்தது என்பார்கள். தூரத்தில் ஏதோ கடலுக்கடியில் நிலம் நடுங்கும்போது, முதல் அலை எந்தத் திசையிலிருந்து வரும் என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். பழைய ரா டேட்டாவில் அது எந்தத் திசையிலிருந்து வந்ததாகப் பதிந்திருக்கிறது என்று பார்த்தால் போதும், கதை முடிந்தது. அதனால்தான் கேட்டாள்.

"எதுக்கும்மா?" என்றார் சார், கண்ணாடியை மாட்டிக்கொண்டு.

"வடக்கு தப்பா இருக்கு சார்."

"எங்க?"

"பம்ப் ஹவுஸ்ல. நீங்க போட்ட அம்பு. பக்கத்துல இரும்புக் குழாய் போகுது."

ஆமாம் சாரின் கையிலிருந்து தாள்கள் நழுவின. சார் அவனைப் பார்க்காமலே, "ஹால்ல புரொஜெக்டர் வேலை செய்யுதான்னு போய்ப் பாருப்பா" என்றார். அவன் பொறுக்கியது பாதி பொறுக்காதது பாதியாகப் போனான். கதவு சாத்தும் வரை சார் காத்திருந்தார்.

"தெரியும்" என்றார்.

கத்துவார் என்று நினைத்திருந்தாள். நேற்று வந்த பெண் நீ என்பார், வெளியே போ என்பார், எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தாள்.

"என் பொண்ணு கண்டுபிடிச்சா. ஸ்கூல்ல ஏதோ ப்ராஜெக்ட், காம்பஸோட வந்திருந்தா. 'அப்பா, உங்க வடக்கு தப்பு'ன்னா. 'உன் காம்பஸ் மட்டமான சரக்கு'ன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்துட்டேன்." மேசை மேலிருந்த பேப்பர் வெயிட்டை நகர்த்தி, திரும்பப் பழைய இடத்திலேயே வைத்தார். "அப்புறம் தனியா ஒரு தடவை போய்ப் பாத்தேன். நல்ல காம்பஸ்தான்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே சார்?"

"யார்கிட்ட? அதுக்குள்ள பாடப் புத்தகத்துல வந்துடுச்சு. இந்தக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் போட்டாச்சு. எத்தனை பேர் அதை வெச்சுப் பட்டம் வாங்கிட்டுப் போயிட்டாங்க."

"அப்போ என் ஸ்டேஷன்ல சத்தம் அதிகம்னு சொன்னது?"

அவர் கண்ணாடியை மறுபடி கழற்றினார். "எல்லா ஸ்டேஷன்லயும் கொஞ்சம் சத்தம் இருக்கத்தாம்மா செய்யும்."

அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. குழாயைப் பார்க்காமல் விட்டதைக்கூட மன்னித்துவிடலாம், யாருக்கும் நடக்கும். ஒன்றரை வருஷம் ஒருத்தியை உட்கார வைத்து, இல்லாத சத்தத்தை வடிகட்டச் சொல்லிவிட்டு, இப்போதும் முகத்தில் சலனமில்லாமல் வடிகட்டியைப் பற்றியே பேசுகிற மனுஷனை என்ன செய்வது?

"ஒண்ணு பண்ணு" என்றார், கெஞ்சுகிற மாதிரியும் இல்லாமல் மிரட்டுகிற மாதிரியும் இல்லாமல். "உன் தீசிஸ்ல இருந்து பம்ப் ஹவுஸை எடுத்துடு. உன் ஸ்டேஷன் மட்டும் போதும். நீ பொய் எதுவும் எழுத வேண்டாம். அடுத்த வாரமே கையெழுத்துப் போட்டுத் தர்றேன். நான் ரிட்டயர் ஆனதும் நீயே எழுதிக்கோ, உன் பேர்ல. நான் மறுக்க மாட்டேன்."

"இன்னைக்கு மதியம் மீட்டிங் இருக்கே சார்."

அவர் சாப்பாட்டு டப்பாவைத் தன் பக்கம் இழுத்தார். "சாப்பிட்டுட்டு வந்து சொல்லு" என்றார்.

மலையடிவாரத்து ஊரில் எத்தனை மாடி கட்டலாம், தூணுக்கு எவ்வளவு கம்பி போட வேண்டும் என்று தீர்மானிக்கிற குழு மதியம் செமினார் ஹாலில் கூடுகிறது. பேசப்போவது சார். அந்த ஊரில் அவ்வப்போது அலமாரியில் பாத்திரம் ஆடும். சாரின் சரிவை வைத்துக் கணக்குப் போட்டால் அந்த அதிர்வுகளெல்லாம் சாய்ந்த பலகையில், ரொம்ப ஆழத்தில் போய் விழும். அவ்வளவு ஆழம் என்றால் பயமில்லை, மேலே என்ன வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். பலகையை எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டால் அதே அதிர்வுகள் மேலே ஏறி வந்து பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அடியில் உட்கார்ந்துகொள்ளும். அவள் போட்டுப் பார்த்திருந்தாள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருந்தாள்.

வராந்தாவில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது அம்மாவின் போன்.

"படிப்பு முடிஞ்சுதா?"

"முடியலம்மா."

"போன மாசமும் இதத்தான் சொன்ன. பக்கத்து வீட்டக்கா தினம் கேக்கறா. டாக்டராகி வந்ததும் முதல்ல தன் முட்டியத்தான் காட்டணுமாம்."

"நான் அந்த டாக்டர் இல்லன்னு எத்தனை தடவை சொல்றது?"

"எனக்குத் தெரியுதுடி, அவளுக்குத் தெரியணுமே. ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு? அந்தப் பெரியவரோட மறுபடி சண்டையா?"

"அவர் தப்புப் பண்ணியிருக்கார்மா. சொன்னா எனக்குப் பட்டம் கிடைக்காம போகலாம்."

அந்தப் பக்கம் அம்மா யாரிடமோ அடுப்பைக் குறைக்கச் சொன்னாள். பிறகு, "கையெழுத்து வாங்கிட்டுச் சொல்லேன்டி" என்றாள். "வாங்கின பிறகு உன்ன யாரு கேக்கப் போறா? நம்ம வீட்டுல ஒருத்தி இவ்வளவு தூரம் வந்திருக்க. வாசல்ல நின்னு கதவ ஒதைக்கணுமா?"

இதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. படித்தவரும் அதையே சொல்கிறார், படிக்காதவளும் அதையே சொல்கிறாள். போனை வைத்தபோது ஆமாம் சார் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டு எதிரே நின்றான்.

"உனக்கு மட்டும்தான் அந்தக் குழாய் கண்ணுக்குத் தெரிஞ்சுதுன்னு நெனைக்காதே" என்றான் மெல்ல.

"உங்களுக்கும் தெரியுமாண்ணா?"

"பேட்டரி மாத்த நானும் போயிருக்கேன்ல."

"தெரிஞ்சுமா பேசாம இருந்தீங்க?"

"எனக்குக் கல்யாணம் ஆகி ரெண்டு பிள்ளைங்கம்மா" என்றான், அது திசை சம்பந்தப்பட்ட விஷயம் மாதிரி.

"அந்த ஊர் ஸ்கூல்லயும் பிள்ளைங்கதாண்ணா இருக்கு."

"இப்படித்தான் பேசுவ. உனக்கு நாக்குல விஷம்." அவன் கண்கள் சிவந்திருந்தன. "போ, போய் சரின்னு சொல்லிட்டு வா. எல்லாரும் அப்படித்தான் போயிருக்கோம்."

திட்ட வேண்டும் போல இருந்தது. திட்டுவதற்கு வார்த்தையா பஞ்சம்? ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபோது, இன்னும் பத்து வருஷம் கழித்து யாரோ ஒரு புதுப் பெண்ணிடம், லீவு கேளு, லேப்டாப் கேளு என்று தானே சொல்லிக்கொண்டிருப்பது போல ஒரு கணம் தோன்றியது. தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டு சாரின் அறைக்கு நடந்தாள். யோசிக்க இனி ஒன்றுமில்லை. யோசித்துப் பார்த்தால், பம்ப் ஹவுஸ் வாசலில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்தபோதே அது முடிந்துபோன விஷயம். இன்றைக்குக் கேட்டது அவருக்காகவும்தான். அவர் கையாலேயே கொடுத்தால் அவருக்கு மரியாதை என்று நினைத்திருந்தாள்.

சார் சாப்பிடவில்லை. டப்பா மூடியபடியே இருந்தது. அவளைக் கண்டதும் பேனாவை எடுத்தார்.

"பேனா வேண்டாம் சார். ரா டேட்டா தருவீங்களா?"

"பிடிவாதம் பிடிக்காதேம்மா."

"சரி, வேண்டாம். நான் மீட்டிங்குக்குப் போறேன். நீங்களே வடக்கு தப்புன்னு சொன்னீங்கன்னா, நான் கடைசி வரிசையில வாயைத் திறக்காம உக்காந்துக்கறேன். நீங்களா கண்டுபிடிச்சுத் திருத்தினதாவே இருக்கட்டும். சரிவுப் படத்தைப் போட்டீங்கன்னா எழுந்து நிப்பேன்."

"ஆதாரம் இல்லாம எழுந்து நின்னா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும் சார். சிரிச்சு முடிச்சுட்டு ஒரு காம்பஸ் எடுத்துக்கிட்டு அங்க போய்ப் பாக்கட்டும். காம்பஸ் மட்டமான சரக்கா இருந்தாலும் பரவாயில்ல."

அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பா வலியா என்று நின்று பார்க்க அவளுக்குப் பொறுமை இல்லை. "உன் மூணு வருஷம்" என்று அவர் ஆரம்பித்தார். அவள் கதவைத் திறந்துவிட்டிருந்தாள்.

செமினார் ஹால் எதிர்க் கட்டடத்தில். போகும் வழியில், முன்கூடத்தில், வருகிறவர்களுக்கு வேடிக்கை காட்ட ஒரு கருவியைத் தரையில் பதித்து, அது கேட்கிற அசைவைத் திரையில் கோடாக ஓட விட்டிருந்தார்கள். குழுவில் வந்தவர்கள் சிலர் அதைச் சுற்றி நின்று ஒருவர் மாற்றி ஒருவர் குதித்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இவள் மாடிப்படியிலிருந்து இறங்கி வந்த வேகத்தில் திரையில் கோடு தடதடவென்று எகிறியது. அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மெதுவா நடங்க மேடம், மிஷின் பதறுது" என்றார் வாசல் காவலாளி.

அவள் மெதுவாக்கவில்லை. வெயிலில் இறங்கி முற்றத்தைக் கடந்தாள். அவள் போன பிறகும் கொஞ்ச நேரம் திரையில் கோடு நடுங்கி, மெல்லப் படுத்து, பிறகு மேலே சாரின் அறைப் பக்கமிருந்து வேறு யாரோ படிக்கட்டில் இறங்கத் தொடங்கியது போல, லேசாக, ஒவ்வொன்றாக, மறுபடி துடிக்க ஆரம்பித்தது.