தாளிக்காத நூடுல்ஸ்

மகுடேஸ்வரன் பெண்டாட்டியை அடிப்பதற்கு நாள் குறித்து வைத்திருந்தான். கல்யாணத்துக்கு நாள் குறிப்பார்கள், காதுகுத்துக்குக் குறிப்பார்கள். அடிக்கு நாள் குறித்தவன் நல்லூரிலேயே அவன் ஒருத்தனாகத்தான் இருப்பான்.

ஒரே காம்பவுண்டுக்குள் எட்டு வீடு. ஆறாவது வீடு இவர்களுடையது. அவன் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பெண்டாட்டி மைதிலி வேறொரு கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். மதியம் சாப்பிடுகிற நேரத்தில் செல்போனில் சமையல் பார்ப்பாள். அதிலும் சைனாக்காரர்கள் செய்கிற சைவச் சமையல் என்றால் சோற்றை மறந்துவிடுவாள். காயை மெல்லிசாக அரிவது, பாதி வேக்காட்டில் எடுப்பது, இரண்டு சொட்டு சாஸ் விடுவது, அவ்வளவுதான். வீட்டிலும் செய்து பார்க்க ஒரு பாட்டில் சோயா சாஸ் வாங்கி வந்தாள்.

அந்தப் பாட்டில் அவன் கண்ணில் பட்டது.

"எவன்டி வாங்கிக் குடுத்தான்?"

"நாந்தானுங்க வாங்கினேன். பஸ் ஸ்டாப்புக் கடையில."

"எங்காத்தா காலத்துல இருந்து இந்த ஊட்டுல இல்லாத சாமான் உனக்கு எப்படித் தெரியும்? எவனோ சொல்லிக் குடுத்திருக்கறான்."

பூரிக்கட்டையை எடுத்தான். தடுத்த கையில் சுண்டுவிரல் முறிந்தது. மறுபடி ஓங்கியபோது கட்டிலில் படுத்திருந்த மகள் தேஜஸ்ரீ முனகினாள். எட்டு வயசுப் பிள்ளை. உடம்பு நெருப்பாகச் சுட்டது. நெற்றியில் இரண்டு அம்மை முத்து.

ஓங்கிய கை அப்படியே நின்றது. அம்மை போட்ட வீட்டில் ஆத்தாளே வந்து குடியிருக்கிறாள். அங்கே அடிக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது, எண்ணெய் காய வைத்துத் தாளிக்கக் கூடாது. பிள்ளைக்கு மூன்று தரம் தலைக்குத் தண்ணீர் ஊற்றினால்தான் ஆத்தா கிளம்புவாள். மகுடேஸ்வரன் யாருக்கும் பயப்படாதவன், ஆத்தாளுக்கு மட்டும் பயப்படுவான்.

"மூணாந்தண்ணி முடியட்டும்டி," என்று பல்லைக் கடித்தான். "அன்னைக்கு உன்னை உசுரோட உடமாட்டேன்."

சொன்னால் செய்கிறவன். எட்டு வருசமாக அங்கே அடி விழும்போதெல்லாம் காம்பவுண்டில் கதவுகள் சாத்திக்கொள்ளும், டிவிச் சத்தம் கூடும். "புருசன் பொண்டாட்டிக்குள்ள நாம என்னத்தச் சொல்றது" என்பார்கள்.

தேஜஸ்ரீ மோரும் சோறும் தொடவில்லை. மைதிலி யோசித்தாள். கேரட், முட்டைக்கோசை நூல் நூலாக அரிந்து ஆவியில் வேகவைத்தாள். நூடுல்சைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு வடித்து, காயோடு கலந்து, சாஸ் இரண்டே சொட்டு விட்டாள். பிள்ளை வாய் திறந்து வாங்கிக்கொண்டது.

தண்ணீர் ஊற்ற முறை தெரிந்தவள் பக்கத்து வீட்டுப் பழனாயி. வந்து எட்டிப் பார்த்தாள்.

"இதென்ன கண்ணு, மிசின்ல சிக்குன நூலாட்ட?"

"சைனாக்காரங்க சாப்பாடுங்கக்கா."

"ஆத்தாளுக்கு ஆகுமா?"

"தாளிக்கலீங்க. எண்ணெய் ஒரு சொட்டு இல்லீங்க."

"அப்பச் சரி. அந்த ஊர்லயும் அம்மை போடாமயா இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை முதல் தண்ணீர். செவ்வாய் இரண்டாவது, வியாழன் மூன்றாவது என்று பேச்சு. செவ்வாய் காலை பிள்ளையின் முதுகில் புதிதாக நாலு முத்து தெரியவே, பழனாயி இரண்டாம் தண்ணீரை வியாழனுக்கும் மூன்றாவதைச் சனிக்கிழமைக்கும் தள்ளிவிட்டாள். ஷிப்மெண்ட் அவசரம் என்று கம்பெனியிலேயே கிடந்த மகுடேஸ்வரனுக்கு இது தெரியாது.

வியாழன் சாயங்காலம் அவன் வந்தபோது வாசலில் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் ஈரமாகக் கிடந்தன. பிள்ளை நனைந்த தலையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தது. அடுப்பில் நூடுல்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது. அவன் கையில் துணி அளக்கிற இரும்பு ஸ்கேல்.

"ஊத்தியாச்சா?"

மைதிலிக்கு விளங்கிவிட்டது, இவன் மூன்றாம் தண்ணீர் என்று நினைக்கிறான். இது இரண்டாவதுங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஸ்கேல் கீழே இறங்கிவிடும். இறங்கி? சனிக்கிழமை வரைக்கும். சனிக்கிழமை ஆத்தா கிளம்பிவிடுவாள், எல்லாக் கதவும் சாத்திக்கொள்ளும்.

"ஊத்தியாச்சுங்க," என்றாள். அடுப்பை அணைத்துச் சட்டியைக் கதவோரம் இறக்கி வைத்தாள். பிள்ளையைச் சுவரோரம் திருப்பிப் படுக்கவைத்தாள். பிறகு வாசற்படியில், நாலு பேர் கண்ணில் படுகிற இடத்தில் போய் நின்றாள்.

முதல் அடி தோளில். இரண்டாவது அடியில் காதோரம் கிழிந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது. தலைமுடியைப் பிடித்துக் கதவு நிலையில் மோதினான். சட்டியை எட்டி உதைத்தான். வெந்த நூடுல்ஸ் தரையெல்லாம் சிதறியது. கீழே விழுந்தவளின் முறிந்த விரல் மேலேயே செருப்புக் காலை வைத்து அழுத்தினான். மைதிலி அன்றைக்கு வாயை மூடவில்லை. தொண்டை கிழியக் கத்தினாள்.

"ஆத்தா இருக்கற ஊட்டுலயாடா!"

பழனாயியின் குரல் அது. மற்ற ஏழு வீட்டுக் கதவுகளும் திறந்தன. விளக்குமாறு வந்தது, தண்ணீர்க் குடம் வந்தது. குடம் அவன் முகத்தில் பட்டுப் பல் ஒன்று தெறித்தது. கடைசி வீட்டு லோடுமேன் பெரியகருப்பன் அவன் கையைப் பின்னால் முறுக்கிய முறுக்கில் எலும்பு சத்தம் போட்டது.

"மூணாந்தண்ணி முடிஞ்சிருச்சே..." என்று உளறினான்.

"ரண்டாந்தண்ணிடா இன்னிக்கு! பாவி!"

அந்தச் சொல்தான் அவனை உண்மையில் சாய்த்தது. முகம் வெளிறி, ரத்தம் ஒழுகும் வாயோடு தரையில் குப்புற விழுந்தான். "தெரியாமப் பண்ணிப்போட்டேன், ஆத்தா, என்னை மன்னிச்சுரு!" கும்பிட்டது பிள்ளையின் கட்டிலைப் பார்த்து. பெண்டாட்டி பக்கம் திரும்பக்கூட இல்லை.

காலைப் பிடித்து இழுத்துப்போய் கேட்டுக்கு வெளியே போட்டார்கள். பெரியகருப்பன் போலீசுக்குப் போன் போட்டான்.

பழனாயி மைதிலியின் காதில் மஞ்சள் தூளை அப்பிக்கொண்டே கேட்டாள். "ரண்டாந்தண்ணின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உட்டிருப்பானே கண்ணு. ஏன் சொல்லாம இருந்தே?"

"சனிக்கிழமை அடிச்சிருந்தா வந்திருப்பீங்களாக்கா?"

காம்பவுண்டுப் பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை.

கட்டிலில் இருந்து தேஜஸ்ரீ பசிக்கிறது என்றாள். மைதிலி எழப் பார்த்தாள். கை ஊன்ற முடியவில்லை. பழனாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தரையில் கிடந்ததையெல்லாம் கூட்டி அள்ளினாள். முட்டைக்கோசைக் கழுவி அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்தாள்.

"சொல்லு கண்ணு," என்றாள், தலையை நிமிர்த்தாமல். "எத்தனை மெல்லிசா அரியோணும்?"